காயத்தைக் கண்டதும் டி.சி. எழுதாதீர்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும்,

தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் மாணவரின் காயம், பெற்றோர் கண்ணில் படுவதற்கு முன்பே பல நேரம் உங்கள் கண்ணில் படுகிறது. ஏப்ரல் வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் கையை மடிக்க மறுப்பவர், விளையாட்டு வகுப்பு வந்தாலே உடம்பு சரியில்லை என்பவர், காயத்துக்குக் காரணம் கேட்டால் நாளுக்கொரு கதை சொல்பவர் என்று நீங்கள் அன்றாடம் பார்க்கும் முகங்களுக்குள் அவரும் இருக்கிறார். விஷயம் தெரிந்த அந்த முதல் சில நிமிடங்களில் உங்கள் முகமும் குரலும் எப்படி இருக்கின்றனவோ, அதை வைத்துத்தான் இனி எந்தப் பெரியவரிடமாவது வாய் திறக்கலாமா, கூடாதா என்று அவர் முடிவு செய்கிறார். மருத்துவம் தொடங்குவதும் தடைபடுவதும் அந்த இடத்தில்தான். அதனால்தான் இந்த மடல் முதலில் உங்களுக்கு எழுதப்படுகிறது.

இப்போது பல நிறுவனங்களில் நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். மாணவர் ஹெச்.எம். அறைக்கு அழைக்கப்படுகிறார். "அட்டென்ஷனுக்காகப் பண்ணுது", "லவ் மேட்டரா இருக்கும்", "செல்போனைப் பிடுங்கினா சரியாயிடும்" என்று அவர் காதுபடவே பேச்சு நடக்கிறது. கையைக் காட்டச் சொல்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குகிறார்கள். அம்மா மேல் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். பெற்றோரை வரவழைத்து, "வேறு ஸ்கூல் பார்த்துக்கோங்க" என்று டி.சி.யை நீட்டுகிறார்கள். இவற்றையெல்லாம் நீங்கள் கல்மனதால் செய்வதில்லை. பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும், போலீஸ் வரும், மற்ற பிள்ளைகளும் பார்த்துச் செய்வார்கள், நாளை ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் தலையில் விழும் என்ற அச்சம் செய்ய வைக்கிறது. அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அச்சத்தில் எடுக்கும் இந்த நடவடிக்கைகள் ஒவ்வொன்றும், நீங்கள் எதைத் தடுக்க நினைக்கிறீர்களோ அதையே நெருங்கி வரச் செய்கின்றன. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சுயதீங்கு என்பது ஒருவர் தெரிந்தே தன் உடலுக்குத் தீங்கு செய்துகொள்வது. அதில் ஈடுபடும் வளரிளம் பருவத்தினர் பலர் அந்த நேரத்தில் சாக விரும்புவதில்லை. தாங்க முடியாத ஓர் உணர்ச்சி நிற்க வேண்டும் என்றே விரும்புகிறார்கள். சாகும் எண்ணமில்லாத சுயதீங்கைத் தனியே ஆராய வேண்டிய ஒரு நிலை என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் குறித்தது. ஆராய்ச்சியாளர்கள் கண்ட காரணங்கள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. பொங்கி எழும் பதற்றத்தையோ ஆத்திரத்தையோ அடக்குவதற்காகச் சிலர் செய்கிறார்கள். மனம் மரத்துப்போய் எதையுமே உணர முடியாதபோது எதையாவது உணர்வதற்காகச் சிலர் செய்கிறார்கள். தன்மீதே உள்ள வெறுப்பில் தன்னைத் தண்டிப்பவர்களும் உண்டு. சொல்லத் தெரியாத வேதனையை யாராவது புரிந்துகொள்ள மாட்டார்களா என்ற ஏக்கமும் சிலரிடம் இருக்கிறது. ஒரே மாணவரிடம் இந்தக் காரணங்களில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கலாம்.

இந்தச் செயலுக்குப் பின் வேதனை சற்றே தணிவதுபோல் தோன்றுகிறது. அந்தத் தணிவு நீடிப்பதில்லை. பின்னாலேயே வெட்கமும் குற்ற உணர்வும் வருகின்றன. யாருக்கும் தெரியக்கூடாதே என்ற பதைப்பு வருகிறது. அவை பழைய வேதனையோடு சேர்ந்து அதைப் பெரிதாக்குகின்றன. அடுத்த முறை தாங்க முடியாமல் போகும்போது, தெரிந்த ஒரே வழி இதுதான் என்று மனம் மறுபடியும் அங்கேயே போகிறது. இந்தச் சுழற்சியை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் கண்டிப்பு ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். அவமானம்தான் இந்தச் சுழற்சியைச் சுழல வைக்கிறது. எல்லார் முன்னாலும் கையைக் காட்டச் சொல்வது அந்த அவமானத்தைத்தான் கூட்டுகிறது.

இது எங்கோ ஒருவரிடம் காணப்படும் அபூர்வமான பழக்கம் அல்ல. பல நாட்டு ஆய்வுகளை ஒருசேரக் கணக்கிட்டு 2014-இல் வெளிவந்த பகுப்பாய்வு, வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 விழுக்காட்டினரும், இளைஞர்களில் சுமார் 13 விழுக்காட்டினரும் வாழ்வில் ஒருமுறையேனும் சாகும் எண்ணமின்றித் தம்மைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டது. பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் இது தொடங்குகிறது. நம் பள்ளிக்கூடக் கணக்கில் அது ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையான காலம். பொதுத்தேர்வு வகுப்புகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் தொடக்கத்தைத் தவறவிடுவோம்.

மனநலப் பாதிப்புகள் பலவும் தலைகாட்டும் வயதும் இதுவே. வாழ்நாளில் மனநலப் பாதிப்புக்கு ஆளாகிறவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மனச்சோர்வு உள்ள மாணவருக்கு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் இரவு பகலாக ஓடுகிறது. பதற்ற நோய் உள்ளவருக்கு, அடுத்த மணி நேரமே ஆபத்தாகத் தெரிகிறது. பாலியல் கொடுமையோ வன்முறையோ அனுபவித்தவருக்கு, பழைய நினைவு திடீரென்று உடம்பில் ஏறுகிறது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு எனப்படும் நிலையில், உணர்ச்சி சட்டென்று உச்சத்துக்குப் போய், இறங்க நெடுநேரம் எடுக்கிறது. உணவு உண்பது தொடர்பான கோளாறுகள், போதைப் பழக்கம், கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டு நிலை, ஆட்டிசம் ஆகியவை உள்ளவர்களிடமும் சுயதீங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. அதே நேரம், மனநலப் பாதிப்பு உள்ள எல்லாரும் தம்மைக் காயப்படுத்திக்கொள்வதில்லை. காயப்படுத்திக்கொள்ளும் எல்லாருக்கும் நோய் இருப்பதாகவும் சொல்ல முடியாது. அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். ஸ்டாஃப் ரூமில் அது முடிவாகக் கூடாது.

நோய் மட்டுமே காரணம் என்று நினைப்பதும் தவறு. சக மாணவர்களின் கேலி, வீட்டில் தினசரிச் சண்டை, குடிக்கும் தந்தையின் அடி, மதிப்பெண் நெருக்கடி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, பாலின அடையாளத்தைக் கிண்டல் செய்வது, மிக நெருங்கிய ஒருவரின் இழப்பு எல்லாம் அந்த வேதனைக்குள் இருக்கின்றன. இவற்றில் சில உங்கள் வகுப்பறையில் நடப்பவை. தரவரிசையை வாசித்துக் கடைசி பெஞ்சை எழுப்பி நிறுத்துவதும், மதிப்பெண்ணை வைத்து "ஏ செக்‌ஷன், டி செக்‌ஷன்" என்று பிரிப்பதும் பாதிப்புக்கு ஆளாகியிருக்கும் மனதின் மேல் விழும் அடிகள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருப்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

"அட்டென்ஷனுக்காக" என்ற தீர்ப்பை முதலில் கைவிடுங்கள். தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் மாணவர்களில் பெரும்பாலோர் அதை மறைக்கவே படாத பாடு படுகிறார்கள். சிலர் வேண்டுமென்றே தெரியும்படி விடுகிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், சாதாரண வார்த்தையால் யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில்தான் ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. கவனிப்புக்காக ஏங்குகிற பிள்ளைக்குக் கவனிப்பைத் தருவதே முறை. "சும்மா சீன் போடுறான்" என்று ஒதுக்கப்பட்ட பையன் அடுத்த முறை யாரிடமும் போக மாட்டான். பையன்களின் காயத்தை முரட்டுத்தனம் என்றும் சண்டை என்றும் எண்ணிக் கடந்துவிடுவது மிக அதிகம் என்பதால் அவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

சத்தியம் வாங்குவதும், "இனி செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவதும் பாதுகாப்பு தருவதில்லை. வேதனை அப்படியே இருக்க, அதைத் தாங்க இருந்த ஒரே வழியை மட்டும் விடச் சொல்கிறோம். வேறு வழி எதையும் தருவதில்லை. அடுத்த முறை தவறும்போது சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்துகொள்கிறது, மறைப்பதும் கூடுகிறது. டி.சி. கொடுப்பது அதைவிட ஆபத்தானது. நண்பர்கள், பழகிய ஆசிரியர், அன்றாட ஒழுங்கு என்று அந்த மாணவரைத் தாங்கி நின்ற கொஞ்சத்தையும் அது ஒரே நாளில் பறிக்கிறது. விஷயம் வெளியே வந்தால் படிப்பு போகும் என்ற பாடத்தை மற்ற மாணவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு தோழி ஒருத்தியைப் பற்றி உங்களிடம் வந்து சொல்ல எந்த மாணவியும் துணிய மாட்டாள்.

போலீஸ் பற்றிய அச்சத்துக்கும் விடை இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. சட்டமே இரக்கத்தின் பக்கம் நகர்ந்துவிட்ட பிறகு பள்ளி தண்டனையின் பக்கம் நிற்கக் கூடாது.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நீங்கள் தயங்கலாம். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் இது சோதிக்கப்பட்டு 2005-இல் முடிவு வெளியானது. கேட்கப்பட்ட மாணவர்களிடம் மன வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும், முன்பு உயிரை விட முயன்றவர்களுக்கும் கேட்கப்பட்டதே சற்று ஆறுதலாக இருந்தது. ஆகவே கேளுங்கள். தனியாக, அமைதியாக, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்.

கேட்பது ஏன் அவசியம் என்றால், சாகும் எண்ணமில்லாத சுயதீங்கும் தற்கொலை முயற்சியும் வேறு வேறாக இருந்தாலும், ஒரே மனிதரிடம் ஒரு மாதம் அதுவாகவும் அடுத்த மாதம் இதுவாகவும் இருக்க முடியும். முன்பு தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் தற்கொலை அபாயம் அதிகம். காயம் சின்னதாக இருக்கிறது என்பதால் வேதனையும் சின்னது என்று கொள்ளக் கூடாது. மதிப்பெண் போட்டு அபாயத்தைக் கணிக்கும் படிவங்களை நம்ப வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த மாணவரின் வாழ்க்கையையும் தேவைகளையும் முழுமையாகக் கேட்டறிவதையே அது வலியுறுத்துகிறது. இன்னொரு பக்கம், நம்பிக்கைக்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1,943 மாணவர்களை வளரிளம் பருவத்திலிருந்து இருபதுகளின் இறுதி வரை பின்தொடர்ந்த ஆய்வில், வளரிளம் பருவத்தில் சுயதீங்கு செய்தவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் இளைஞரான பின் அதைச் செய்யவில்லை என்று தெரிந்தது. அந்தப் பருவத்தில் மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்களுக்குப் பின்னாளிலும் அபாயம் கூடுதலாக இருந்தது. அடியில் இருக்கும் பாதிப்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதன் காரணம் அதுதான்.

முதல் உரையாடலுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. காயத்துக்கு மருந்திட வேண்டுமானால், அருவருப்போ பதற்றமோ காட்டாமல் முதலில் அதைச் செய்யுங்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் உட்காருங்கள். "ஏன் இப்படிப் பண்ணின?" என்ற கேள்வி விசாரணைபோல் ஒலிக்கும். "ரொம்பக் கஷ்டமா இருக்கிற மாதிரித் தெரியுதும்மா, என்ன ஆச்சுன்னு சொல்ல முடியுமா?" என்பது கதவைத் திறக்கும். அவர் பேசும்போது குறுக்கே அறிவுரை வேண்டாம். "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எவ்வளவு பேர்" என்ற ஒப்பீடும் வேண்டாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012-இன்படி அதைப் புகார் செய்வது சட்டக் கடமை. சாகும் எண்ணம் இருப்பதாக அவர் சொன்னால், பொறுப்பான ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பெற்றோரிடம் சொல்லும் முறையும் சிகிச்சையின் ஒரு பகுதி. அவர்கள் அதிர்ச்சியில் அடிக்கக்கூடும், கோயில் கோயிலாக அலையக்கூடும், கல்யாணத்துக்குத் தடையாகும் என்று மூடி மறைக்கக்கூடும். மாணவரை வைத்துக்கொண்டு குற்றப்பத்திரிகை வாசிக்காமல், பிள்ளை வேதனையில் இருக்கிறது, இதற்கு மருத்துவம் இருக்கிறது, பள்ளி கூடவே இருக்கும் என்று மூன்றையும் சொல்லி அனுப்புங்கள். வீட்டிலேயே கொடுமை நடப்பதாகத் தெரிந்தால், பெற்றோரிடம் பேசுவதற்கு முன் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ நாடுங்கள்.

மருத்துவம் இருக்கிறது என்பது ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை அல்ல. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபியின் முதல் ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு 1991-இல் வந்தது. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் நேரத்தைத் தீங்கின்றிக் கடப்பது, உணர்ச்சியைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது, உதவி கேட்பது ஆகியவற்றை அது பயிற்சியாகக் கற்றுத் தருகிறது. வளரிளம் பருவத்தினருக்காக மாற்றியமைக்கப்பட்ட வடிவம் நார்வேயிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகளில் சுயதீங்கைக் குறைத்தது. லினெஹன் தாமே இளவயதில் இந்த வேதனையோடு மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். சுயதீங்குக்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ தரப்படும் மருந்து அந்த நோயைக் குணப்படுத்த உதவும். மருந்து எடுக்கும் மாணவர் காலை வகுப்பில் தூங்கி வழிந்தால், மருத்துவமனைக்காக வாரம் ஒருநாள் விடுப்புக் கேட்டால், அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதாதீர்கள். அவை சிகிச்சையோடு வருபவையாக இருக்கலாம்.

மற்ற மாணவர்களைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வளரிளம் பருவத்தில் சுயதீங்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடும். ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விவரித்து எச்சரிப்பதும், பெயர் சொல்லிக் கண்டிப்பதும்தான் பரவ வழி செய்கின்றன. எப்படிச் செய்தார் என்ற விவரம் எங்கேயும் பேசப்படக் கூடாது. கஷ்டம் வந்தால் யாரிடம் போகலாம் என்பது எல்லா இடத்திலும் பேசப்பட வேண்டும்.

இவ்வளவையும் உங்கள் தலையிலேயே சுமத்துவது அநியாயம். பாடம், தேர்வு, எமிஸ் பதிவு, தேர்தல் பணி என்று ஏற்கெனவே நிறையச் சுமக்கிறீர்கள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான சேஹர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இதற்கென்றே நியமித்துப் பயிற்சி தரப்பட்ட ஆலோசகர்கள் பணியாற்றிய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் கேலியும் வன்முறையும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர்களுக்குக் கூடுதல் பணியாகக் கொடுத்த பள்ளிகளில் மாற்றமே இல்லை. பத்து ஐரோப்பிய நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்விலும், ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்தது போதவில்லை; மாணவர்களோடு நேரடியாக மனநலத்தைப் பேசிய வகுப்புகளே தற்கொலை முயற்சிகளைக் குறைத்தன. உங்கள் பங்கு கவனிப்பது, கேட்பது, கைகோத்து உரியவரிடம் சேர்ப்பது. உரியவர் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும், பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் வகுத்திருக்கிறது. சங்கமாகக் கூடும்போது ஊதியத்தோடும் ஓய்வூதியத்தோடும் இதையும் கோரிக்கையில் சேருங்கள்.

ஆகவே உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. சுயதீங்குக்காக எந்த மாணவருக்கும் டி.சி., இடைநீக்கம், மன்னிப்புக் கடிதம் என்று எதுவும் இனி இல்லை என உங்கள் நிறுவனத்தில் எழுத்தில் முடிவு செய்யுங்கள். விஷயம் தெரிந்தால் முதலில் பேசுவது யார், பெற்றோருக்குச் சொல்வது யார், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே எல்லாப் பணியாளர்களுக்கும் கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் யார், எந்த நாளில் எங்கே பார்க்கிறார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மாணவர் திரும்பி வகுப்புக்கு வரும் நாளில் அவரைப் பற்றிய பேச்சு அறையில் இல்லாமலும், அவருக்கான இடம் அங்கேயே இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050 ஆகிய எண்களை ஒவ்வொரு வகுப்பறையிலும் விடுதித் தளத்திலும் எழுதி ஒட்டுங்கள். 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம். இந்த எண்கள் மாணவர்களுக்கு மட்டுமல்ல, இந்தப் பொறுப்பைச் சுமந்து களைத்துப்போகும் ஆசிரியர்களுக்கும் உரியவை. அடுத்த பணியாளர் கூட்டத்தின் பொருளாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்; அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிட்டே கூட்டத்தைக் கலையுங்கள்.